எந்த ஆத்தூர்?



இணையத்தில் தேடுவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். தேடுவதற்கு என்ன இருக்கிறது, பெட்டியில் இரண்டு சொல்லைத் தட்டினால் வந்துவிடுகிறதே என்று சிலர் நினைக்கலாம். வருகிறது. ஆனால் எது வருகிறது? யார் எழுதியது வருகிறது? நாம் கேட்டதுதான் வருகிறதா? இந்த மூன்று கேள்விகளுக்காகத்தான் இந்த மாலை நேரத்தை உங்களிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

சென்னையில் வேலை பார்க்கும் உங்கள் மகனோ மகளோ கைபேசியில் 'ஆத்தூர்' என்று மட்டும் தட்டினால் முதலில் எந்த ஊர் வரும்? பெரும்பாலும் சேலம் மாவட்டத்து ஆத்தூர் வரும். அடுத்தபடியாகத் திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர் வரும். இரண்டுமே சட்டமன்றத் தொகுதிகள். தேர்தலுக்குத் தேர்தல் அவற்றைப் பற்றி எழுதுகிறார்கள், எழுதியதை இன்னொருவர் எடுத்துக்காட்டுகிறார். தாமிரபரணி கடலில் கலப்பதற்குச் சற்று முன்னே, சோமநாதர் கோயிலும் வெற்றிலைக் கொடிக்கால்களுமாக இருக்கிற இந்த ஆத்தூர் வெகு பின்னால்தான் வரும். இங்கேயே நின்று தேடினால் கைபேசி நாம் இருக்கும் இடத்தை அறிந்து நம் ஊரை முன்னே வைக்கலாம். வெளியூர்க்காரருக்கு அந்த வசதி இல்லை.

ஏன் இப்படி? தேடுபொறிக்கு நம் மேல் பகையா? இல்லை. அது வேலை செய்யும் விதம் அப்படி. அந்த விதத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

உலகளாவிய வலை என்பதை டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் முன்மொழிந்தார். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15இல் வந்தது. அப்போது வலைத்தளங்கள் குறைவு. 1994இல் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இரண்டு மாணவர்கள் யாகூ என்ற பட்டியலைத் தொடங்கியிருந்தார்கள். மனிதர்கள் ஒவ்வொரு தளமாகப் பார்த்து, இது விளையாட்டு, இது மருத்துவம் என்று வகை பிரித்து அடுக்கிய பட்டியல் அது. தளங்கள் லட்சக்கணக்கில் பெருகியபோது மனிதக் கை ஓய்ந்துபோனது. 1998இல் லாரி பேஜும் செர்கே பிரினும் கூகுளைத் தொடங்கினார்கள். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டிக்காட்டுகின்றன, சுட்டிக்காட்டும் பக்கங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று கணக்குப் பார்த்து வரிசைப்படுத்துவதுதான் அவர்களுடைய அடிப்படை யோசனை. இன்று அந்தக் கணக்கில் இன்னும் பல சேர்ந்துவிட்டன. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. தேடுபொறி உலகத்தைத் தேடுவதில்லை. ஏற்கெனவே எழுதப்பட்ட பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு சொல்லடைவு செய்து வைத்துக்கொண்டு, அந்தச் சொல்லடைவைத்தான் தேடுகிறது.

எழுதப்படாதது அதில் இருக்காது. யாரும் சுட்டிக்காட்டாதது கடைசியில் இருக்கும். நம் ஆத்தூருக்கு நேர்ந்தது இதுதான்.

நண்பர்களே, எழுதிவிட்டால் போதுமா? போதாது. இருப்பது வேறு, கிடைப்பது வேறு. இதற்குச் சான்று தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டாம், ஆற்றின் போக்கிலேயே கொஞ்ச தூரம் நடந்தால் போதும். புன்னைக்காயலில் 1586இல் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சானது. 'ஃப்ளோஸ் சாங்க்டோரம்', அடியார் வரலாறு. எழுதியவர் அண்டிரிக் அடிகளார். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னே, 1578இல், கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சாகியிருந்தது. இந்திய மொழிகளிலேயே அச்சேறிய முதல் புத்தகங்களின் வரிசையில் நம் பக்கத்து ஊர் இருக்கிறது. சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அந்தப் புத்தகம் எங்கே போனது? இங்கே யாருடைய வீட்டுப் பரணிலும் இல்லை. ரோமில், வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் அது அழியாமல் இருந்தது. ஆனால் தமிழருக்குக் கிடைக்காமல் இருந்தது.

இந்தக் கரையோடு சேர்ந்த இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத் தீவுப் பகுதிக்காரர், தூத்துக்குடி மறைமாவட்டக் குருவாக இருந்தவர், வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே தமிழ் இலக்கியத்தைப் பாடமாகக் கற்றவர். 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சாவின் தமிழ் – போர்த்துக்கீசிய அகராதியை 1954இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தவர் அவர். 1966இல் அது மறுபதிப்பானது. யோசித்துப் பாருங்கள். அந்த அகராதி அலமாரியில்தான் இருந்தது. அதைக் கேட்கத் தெரிந்த ஒருவர் அங்கே போய் நிற்கும் வரை அது இல்லாததற்குச் சமம்.

இணையத்திலும் இதே கதை நடந்தது. தொண்ணூறுகளில் தமிழ் இணையத்தில் ஏறியபோது ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு எழுத்துருவை வைத்துக்கொண்டது. ஒன்றில் 'க' என்று தெரிவது இன்னொன்றில் வேறு ஏதோ குறியாகத் தெரியும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்குப் புரியாத குறிகள். தேடினால் எப்படிக் கிடைக்கும்? 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் வகுத்தார்கள். பிறகு உலகப் பொதுக் குறியீடான ஒருங்குறி பரவியது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது. இன்று நாம் தட்டும் ஒரு தமிழ்ச் சொல் டொராண்டோவிலும் யாழ்ப்பாணத்திலும் அதே சொல்லாகக் கிடைக்கிறது என்றால், ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் இரவெல்லாம் உட்கார்ந்து உழைத்ததுதான் காரணம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் கூலி வாங்காமல் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டி ஏற்றினார்கள்.

இன்றும் ஒரு குறை இருக்கிறது. பழைய புத்தகங்களையும் அரசு ஆவணங்களையும் படம் பிடித்து அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். படம் படமாகவே கிடந்தால் அதிலுள்ள சொல் தேடலுக்கு அகப்படாது. எழுத்துணரி என்கிற மென்பொருள் அதைப் படித்து எழுத்தாக்க வேண்டும், பிறகு மனிதர் ஒருவர் பிழை திருத்த வேண்டும். விக்கிமூலத்தில் 2000க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களை அப்படித்தான் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை அது.

சரி, எழுதியாகிவிட்டது, ஏற்றியாகிவிட்டது. இனி எப்படிக் கேட்பது?

கேட்கக் கற்றுக்கொடுத்தவர் நம்மவர் ஒருவர் இருக்கிறார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவரை 1924இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகராக்கியது. பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே ஒரு கடையில், துண்டு துண்டான தகடுகளைத் திருகிப் பூட்டி விதவிதமாக உருவங்கள் செய்யும் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். ஒரு புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துப் பிறகு கோத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் கோலன் பகுப்பு முறை பிறந்தது. எந்தப் பொருளையும் ஐந்து முகங்களில் பிரிக்கலாம் என்றார். எது, எதனால் ஆனது, என்ன நடக்கிறது, எங்கே, எப்போது. அந்த ஐந்தையும் கோத்தால் உலகத்தில் எந்தப் புத்தகமும் தன் இடத்தைப் பெறும்.

கணினி பரவாத காலத்தில் நூலக அலமாரிக்காகச் சொன்னது, இன்றைக்கு உங்கள் கையிலுள்ள கைபேசிக்கு அப்படியே பொருந்துகிறது. கொடிக்கால் வைத்திருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, கொடி அடியில் அழுகி வாடுகிறது. அவர் கைபேசியில் 'வெற்றிலை' என்று தட்டினால் என்ன வரும்? வெற்றிலையின் மருத்துவக் குணம் வரும், தாம்பூல மகிமை வரும், சமையல் குறிப்பு வரும், காணொளிகள் நூறு வரும். அவருக்கு வேண்டியது வராது. இப்போது ரங்கநாதன் சொன்னபடி பிரித்துக் கேட்கட்டும். எது? வெற்றிலைக் கொடி. அதில் எந்தப் பகுதி? அடித்தண்டு, வேர். என்ன நடக்கிறது? அழுகல், வாடல். எப்போது? மழைக்காலம். 'வெற்றிலை வாடல் நோய் மழைக்காலம் கட்டுப்பாடு' என்று கேட்டால் வேளாண் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பக்கங்கள் மேலே வரத் தொடங்கும். அங்கே போர்டோ கலவை என்ற சொல்லைப் பார்ப்பார். அந்தச் சொல்லை எடுத்து மறுபடி தேடினால் கலவையின் அளவு கிடைக்கும். முதல் தேடல் பதில் தராவிட்டாலும் அடுத்த தேடலுக்கான சொல்லைத் தரும். இது மிக முக்கியம், பிள்ளைகளே. ஒரே தேடலில் கிடைக்காதது இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தமிழில் தேடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் சொற்கள் வேற்றுமை உருபு ஏற்று வடிவம் மாறும். மரம், மரத்தில், மரங்களை. தேடுபொறிகள் இதில் முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் நம்பி இருந்துவிட வேண்டாம். பெயரை உருபு சேர்க்காமல் தனியாகத் தட்டுங்கள். ஊர்ப் பெயரோடு மாவட்டத்தைச் சேருங்கள். எழுத்துக்கு எழுத்து அதே தொடர் வேண்டுமானால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். சந்தேகம் வந்தால் ஆங்கில எழுத்திலும் ஒருமுறை தேடுங்கள். நம் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விடை வரும்.

பதில் வந்துவிட்டது. நம்பலாமா?

இங்கே கடலுக்குப் போகிற அண்ணாச்சிமார் இருக்கிறீர்கள். உங்கள் தொழிலை வைத்துத்தான் நான் இதைச் சொல்ல வேண்டும். முத்துச்சிப்பி விளைந்த பார்கள் என்னும் பாறைத்திட்டுகள் கடலுக்கடியில் இருக்கின்றன, மேலே எல்லாம் ஒரே தண்ணீர். எக்கோ சவுண்டரும் ஜிபிஎஸ்ஸும் வராத காலத்தில் உங்கள் முன்னோர் பாரின் இடத்தை எப்படிப் பிடித்தார்கள்? கரையிலே ஒரு கோபுரமும் அதற்குப் பின்னே ஒரு தேரி மேடும் ஒரே நேரில் வரும்படி வள்ளத்தை நிறுத்தினார்கள். அது ஒரு கோடு. அது மட்டும் போதுமா? அந்தக் கோட்டில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாமே! வேறு திசையில் ஒரு கோயில் சிகரத்தையும் ஒரு தனிப்பனையையும் நேர்ப்படுத்தி இன்னொரு கோடு பிடித்தார்கள். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பார் இருந்தது.

இணையத்தில் கிடைக்கும் செய்திக்கும் இதே முறைதான். ஒரு பக்கம் சொன்னால் அது ஒரு கோடு. அதைப் பார்த்து எழுதிய பத்துப் பக்கங்கள் அதையே சொன்னாலும் அது அதே கோடுதான், இரண்டாவது கோடு ஆகாது. வாட்ஸ்அப்பில் நூறு பேர் அனுப்பினாலும் அது அதே கோடுதான். வேறு இடத்திலிருந்து, வேறு ஆள், தானாகப் பார்த்துச் சொன்னது எது என்று தேடுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் வள்ளத்தை நிறுத்துங்கள்.

பக்கம் யாருடையது என்று பார்க்க முகவரியைப் படியுங்கள். அரசுத் தளமானால் பெரும்பாலும் 'கவ் டாட் இன்' என்றோ 'நிக் டாட் இன்' என்றோ முடியும். தேடல் முடிவுகளில் மேலே இருப்பது பணம் கொடுத்து வாங்கிய இடமாகவும் இருக்கலாம். விளம்பரம் என்று சிறு எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். எரிவாயு உருளை வரவில்லை, வங்கி அட்டை வேலை செய்யவில்லை என்று அவசரத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுகிறோம். அந்த அவசரத்தை எதிர்பார்த்துப் போலி எண்களைப் பரப்பி வைத்திருக்கும் கூட்டம் உண்டு. எண்ணைத் தேடுபொறியில் எடுக்காதீர்கள். ரசீதிலும் பாஸ்புக்கிலும் அட்டையின் பின்புறத்திலும் இருக்கிற எண்ணை எடுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். தாய்மார்கள் இந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி வைத்தாலும் தவறில்லை.

இப்போது தேடினால் செயற்கை நுண்ணறிவு தானே ஒரு பதிலை எழுதி மேலே வைக்கிறது. அழகான வாக்கியம், தடுமாறாத குரல். மூன்று ஆத்தூரின் செய்திகளைக் கலந்து ஒரே ஊராக அது சொல்லிவிடக்கூடும். எங்கிருந்து எடுத்தாய் என்று கேளுங்கள். அது காட்டும் மூலப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறக்காமல் பரீட்சைத் தாளில் எழுதிவிட வேண்டாம்.

இதுவரை கையில் கைபேசி உள்ளவர்களுக்காகப் பேசினேன். கையில் அது இல்லாத ஆளுக்குத் தகவல் எப்படிப் போய்ச் சேரும்? இதற்கு ஒரு நல்ல வரலாறு நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவக் கிராமம். மீனவருக்கு வேண்டியது என்ன? நாளைக்கு அலை எவ்வளவு உயரம்? அந்தக் கணிப்பு அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் இருந்தது. கிராமத்து மீனவர் அந்தத் தளத்தைத் தேடிப் போவாரா? மையத்தார் அதை இறக்கி, தமிழில் எழுதி, கடற்கரையில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வலை உலரும் இடத்தில் நின்றுகொண்டே மீனவர் கேட்டார். இணையம் என்ற சொல்லையே அறியாதவருக்கு இணையம் பயன்பட்டது.

2004 டிசம்பர் 26. அதே புதுச்சேரிப் பகுதியில் நல்லவாடு என்ற மீனவ ஊர். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். பூட்டிக் கிடந்த தகவல் மையத்தை ஊரார் உடைத்துத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியிலேயே எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். ஆழிப்பேரலை வந்தபோது ஊர் காலியாக இருந்தது. உயிர்கள் தப்பின.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். ஐதராபாத்தில் 1999 முதல் இயங்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலையையும் காற்றையும் கணித்துச் சொல்கிறது, மீன் கூடும் இடத்தைச் செயற்கைக்கோள் தரவிலிருந்து தமிழிலும் தருகிறது. வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. இருந்தும் குமரிக்கரை மீனவர் பலநாள் தங்கலுக்காக முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். கரையிலுள்ள கைபேசிக் கோபுரத்தின் அலை அங்கே எட்டாது. எச்சரிக்கை அவர்களைப் போய்ச் சேரவில்லை. எத்தனை குடும்பங்கள் இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன!

நமக்கே 2023 டிசம்பர் 17, 18 மறக்குமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை கடந்தது. மின்சாரமும் இல்லை, கைபேசித் தொடர்பும் இல்லை. ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் நம் பக்கமும் தீவுகளாக நின்றன. எந்தத் தேடுபொறி அந்த இரண்டு நாள் நமக்கு வழி சொன்னது? எந்தத் தெரு மேடு, எந்த வீட்டு மாடி உறுதி, எந்த வாய்க்கால் முதலில் உடையும் என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டோம். அந்த அறிவு இன்று எங்கே எழுதியிருக்கிறது? அடுத்த வெள்ளத்துக்கு முன் ஒரு பிள்ளை தேடினால் கிடைக்குமா?

இதற்காகத்தான் நான் இங்கே வந்தேன். தேடக் கற்பது பாதி வேலை. தேடினால் கிடைக்கும்படி எழுதுவது மறுபாதி.

என்னென்ன எழுத வேண்டும்? ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்த செய்தி பத்திரிகைகளில் இருக்கிறது. கொடிக்காலில் அகத்தி நடுவது எப்போது, நாட்டுக்கொடிக்கும் கற்பூரிக்கும் இலையிலும் காரத்திலும் என்ன வேறுபாடு, இலையை எப்படிக் கிள்ளி எப்படி அடுக்குகிறார்கள், இதெல்லாம் கொடிக்காலிலே பிறந்து வளர்ந்தவர் வாயில்தான் இருக்கிறது. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961இல். அன்று வாலிபராக மூழ்கியவர்கள் இன்று எத்தனை வயதில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசாங்க அறிக்கைகளில் பார்களின் பெயர்களும் சிப்பிக் கணக்கும் உண்டு. மூச்சடக்கிக் கீழே போனவர் என்ன பார்த்தார் என்பது அவற்றில் இல்லை. காத்திருக்க நேரம் இல்லை, நண்பர்களே.

எங்கே எழுதுவது? தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன, எல்லாம் நம்மைப் போன்றவர்கள் எழுதியவை. அங்கே ஒரு விதி உண்டு. கேள்விப்பட்டதை நேரே எழுத முடியாது, அச்சிலோ நம்பகமான தளத்திலோ வெளியான சான்று வேண்டும். ஆகவே முதலில் பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, சிறு நூலாக அச்சிட்டு, அதன் படியை நூலகத்தில் வைப்போம். பிறகு அதைச் சான்றாகக் காட்டி எழுதலாம். ஈழத் தமிழர்கள் 2005 முதல் நூலகம் திட்டத்தில் இப்படிச் சிற்றூர்க் கோயில் மலரைக்கூட விடாமல் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போரில் நூலகங்களை இழந்தவர்களுக்கு அதன் அருமை தெரிந்திருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் அச்சுச் சான்று கேட்க மாட்டார்கள், நேரில் அறிந்தவர் தெருவையும் வாய்க்காலையும் குளத்தையும் தமிழ்ப் பெயரோடு குறிக்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு மாலை போதும் அதைக் கற்றுக்கொள்ள.

வாசலருகே மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தங்கள் வீட்டில் கொடிக்கால் வேலையோ கடல் வேலையோ தெரிந்த பெரியவர்கள் யார் யார் என்று பிள்ளைகள் போகும்போது எழுதிவிட்டுப் போங்கள். பெரியவர் சம்மதித்தால் மட்டும் பதிவு செய்ய வருவோம். கடலுக்குப் போனவர் வீட்டுப் பிள்ளைகள் ஒரு காரியம் கூடுதலாகச் செய்யுங்கள். இன்று இரவே தாத்தாவிடம், அவருக்குத் தெரிந்த பார்களின் பெயர்களையும், ஒவ்வொன்றையும் கரையிலுள்ள எந்த இரண்டு அடையாளங்களை நேர்ப்படுத்திப் பிடித்தார் என்பதையும் கேட்டு, அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.